நாலு காப்பி போட்டுக் குடுத்தவன் எழுதுறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் தோட்டப்பாளையத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். சிஎம்சிக்கு வர்றவங்க ரிப்போர்ட் காப்பி எடுக்க நம்மகிட்டதான் வருவாங்க, பாதிப் பேரு பெங்காலிக்காரங்க, அவங்களால நானே அரைகுறையா பெங்காலி பேசுறேன். போன வருஷம் குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்து, பேப்பர்ல கத்தரிச்ச துண்டை நீட்டி "தம்பி இதை நாலு காப்பி போடு, எங்க தெருவுல நாலு பேருக்கு சுகர் இருக்குது"ன்னாரு. 48 நாள்ல சர்க்கரை நோய் போயிடும், ஊசி மாத்திரை தேவையில்ல, வைத்தியர் இன்ன தேதியில இன்ன லாட்ஜுக்கு வர்றாருன்னு போட்டிருந்துச்சு. நானும் 8 ரூபா வாங்கிக்கினு போட்டுக் குடுத்துட்டேன்.

ஏழெட்டு மாசம் கழிச்சு அதே பெரியவர் மகன் தோளைப் புடிச்சிக்கினு வந்தாரு, டிஸ்சார்ஜ் சம்மரி காப்பி எடுக்க. வலது கால்ல ரெண்டு விரல் இல்ல. மாத்திரையை நிறுத்திட்டாராம். மத்த நாலு பேர் என்ன ஆனாங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல.

அப்புறம்தான் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொன்னாரு, இதுக்கு 1954லயே சட்டம் இருக்குதாம், சுகர், கேன்சர், வெண்குஷ்டம், ஏன் உயரமா வளர்றது வரைக்கும் லிஸ்ட் போட்டு இதுக்கெல்லாம் மருந்துன்னு விளம்பரமே பண்ணக்கூடாதுன்னு இருக்குது. ஆனா முதல் தடவை மாட்டினா அதிகபட்சமே 6 மாசம் ஜெயில், இல்லன்னா வெறும் அபராதத்தோட போச்சு. ஒரு நாள் லாட்ஜ்ல உக்காந்து சம்பாதிக்கிறவனுக்கு அது டீ செலவு! 2020ல 2 வருஷம் ஜெயில், 10 லட்சம் அபராதம், மறுபடி பண்ணா 5 வருஷம், 50 லட்சம்னு மத்திய அரசு வரைவு போட்டுச்சு. அதை சட்டமாக்குங்கன்னு உங்க பேப்பர் தலையங்கம் எழுதணும். நாட்டு வைத்தியத்தை நான் குறை சொல்லல, எங்க வீட்லயே சளின்னா கஷாயம்தான், இருக்குற மாத்திரையை நிறுத்துன்னு சொல்றான் பாருங்க அதைத்தான் சொல்றேன்.

இன்னொன்னு, கோவப்படாதீங்க. அந்த சட்டத்துல விளம்பரத்தை வெளியிடுறதுல பங்கு எடுக்கிற எவனும் குத்தவாளின்னுதான் இருக்குது. பெரியவர் கொண்டாந்த துண்டு உங்க பேப்பர்ல வந்ததுதான், பின்பக்கம் உங்க ராசிபலன் இருந்துச்சு. இப்ப அந்த மாதிரி துண்டு வந்தா நான் காப்பி போடுறதில்ல, ரெண்டு பேரு சண்டைக்கே வந்துட்டாங்க. நீங்களும் வாங்காதீங்க. ஞாயித்துக்கிழமை வரி விளம்பரம் பக்கத்தைப் பாத்துக்கினு இருப்பேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
தோட்டப்பாளையம், வேலூர்