செக்கானூரணியில் வண்டியைச் சரிபார்த்துக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உசிலம்பட்டியில் இருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன். செக்கானூரணி பக்கம் கார் திணறி நின்றுவிட்டது. முந்தின வாரமும் இதே தொல்லைதான். ஒரு பட்டறையில், "இசிஎம் போச்சு, மாத்தணும்" என்று, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். அந்தச் செலவுக்கு நான் எங்கே போவேன்!

டீக்கடையில் நின்ற ஓர் அண்ணன் தானாகவே வந்து, "என்னாச்சு தம்பி?" என்றார். தன் வண்டியில் இருந்து காரின் பழுதைக் காட்டும் ஸ்கேனரும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரும் எடுத்து வந்தார். ஸ்கேனர் பி0642 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டியது; சென்சார்களுக்குப் போகும் வோல்ட் குறைவு என்று அர்த்தமாம். "இசிஎம்தான் சென்சாருக்கெல்லாம் 5 வோல்ட் அனுப்புது. ஒரே லைன்ல பல சென்சார் இருக்கும். ஒண்ணு உள்ளுக்குள்ள ஷார்ட் ஆனாலும் மொத்த லைனும் படுத்துரும். எடுத்தவுடனே இசிஎம்மைக் குறை சொல்லக் கூடாது" என்றார்.

சாவியைப் போட்டுப் பார்த்தால் அந்த லைனில் 0.4 வோல்ட்தான். ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்றி, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏசி பிரஷர் சென்சாரைக் கழற்றியதும் சட்டென்று 5-க்கு ஏறியது. மறுபடி மாட்டினார், விழுந்தது. கழற்றினார், ஏறியது. அப்புறம்தான், "இதுதான் தம்பி" என்றார். அதைக் கழற்றியபடியே விட்டு, ஏசி இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

பணம் நீட்டினேன், தொடவே இல்லை. பதற்றத்தில் பேர்கூடக் கேட்கவில்லை. அண்ணே, சென்சாரை மட்டும் மாற்றினேன், வண்டி நன்றாக ஓடுகிறது. அம்மா தினமும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார். ரொம்ப நன்றி அண்ணே.