இடது கை அளவு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தேன். புராஜெக்டுக்குக் கையுறை செய்யப் போவதாகவும் என் கை அளவு வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அளவு கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் தையல்காரனாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு.

படத்தில் இருப்பதெல்லாம் விரித்த கைகள். பக்கவாதம் வந்த கை அப்படியா இருக்கும்? மூளையின் பிடி தளர்ந்ததும் மடக்குகிற தசைகள் ஓங்கிவிடுகின்றன, விரிக்கிற தசைகளுக்கு வலு போதவில்லை. என் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது, மற்ற நாலும் அதன்மேல் மூடிக்கொள்கின்றன. அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். கொட்டாவி விட்டால் கை தானாக மேலே எழும்பும், உங்கம்மாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

போன வருசம் மாமா ஆன்லைனில் வாங்கிக்கொடுத்த காற்றுக் கையுறை ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு விரலின் முதுகிலும் மடிப்பு மடிப்பாக ஒரு குழாய். பம்பு காற்றை ஏற்றினால் விரல் மடங்கும், உறிஞ்சினால் நீளும். அதை மாட்டுவதே உங்கம்மாவுக்குப் பெரிய பாடு. பிசியோதெரபி பெண் ஒரு வழி காட்டினாள். மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கினால் விரல்களை இழுக்கும் தசைநார்கள் தளரும், அந்தச் சமயத்தில் விரல் விரலாக நுழைக்க வேண்டும். அப்படியும் சுண்டுவிரல் மோதிரவிரலின் பைக்குள் போய்விடும். கழற்றிவிட்டு முதலிலிருந்து.

ஆகவே விரல்களுக்குப் பையே வைக்காதே. புறங்கைப் பக்கம் மட்டும் துணி, உள்பக்கம் விரலுக்கு ஒரு வெல்க்ரோ பட்டை. உறையை மேசையில் விரித்து, கையை மல்லாக்க வைத்து, வலது கையால் ஒவ்வொரு பட்டையாக நானே ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளங்கை வெறுமையாக இருந்தால்தான் பிடித்த பொருள் கைக்குத் தெரியும். தையல் விளிம்பை வெளிப்பக்கம் திருப்பிவிடு. இந்தக் கையில் எனக்கு உணர்ச்சி பாதிதான். விளிம்பு அழுத்தினாலும் தெரியாது, கழற்றிய பிறகு தோலில் சிவப்புக் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். துணிக்கு லைக்ரா கலந்த இன்டர்லாக் போதும். மின்சாமான் எல்லாம் தனியாகக் கழன்று வர வேண்டும். வேர்வைக்குத் துவைக்காமல் முடியாது.

அடுத்தது, கையுறை என்ன வேலை செய்ய வேண்டும் என்பது. அந்தக் காற்றுக் கையுறை விரல் மூட்டுகளை இறுகாமல் வைத்திருந்தது, அந்த மட்டுக்கு நல்லதுதான். ஆனால் அது பாட்டுக்கு மடக்கி நீட்டும், நான் பாட்டுக்கு டிவி பார்ப்பேன். நான் முயற்சி செய்யாமல் மூளை எதைக் கற்றுக்கொள்ளும்? அமெரிக்காவில் இர்வைன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மியூசிக்குளோவ் என்ற கையுறையைப் பற்றி நீ சொன்னாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. பாட்டின் தாளத்துக்குக் கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தொட வேண்டும். தொட்டால்தான் கணக்கு, தொடாவிட்டால் அது சும்மா இருக்கும். கொஞ்சமாவது அசைகிற கைக்குத்தான் ஆகும் என்பது வேறு விஷயம்.

நீ படித்துக் காட்டியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது நல்ல கைக்குப் போடும் உறை. அலபாமாவில் எட்வர்ட் டாப் உருவாக்கிய சிகிச்சை. நல்ல கையை உறைக்குள் அடக்கிவிட்டு, முடியாத கையையே வேலை செய்ய வைப்பது. விரலும் மணிக்கட்டும் ஓரளவு நிமிர்கிறவர்களுக்கு. 222 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வந்தது, பலனும் தெரிந்தது என்றாய். மோட்டாரும் இல்லை, குழாயும் இல்லை! பிரிட்டனில் 770 பேரிடம் ரோபோ வைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் கையின் பயன்பாடு வழக்கமான சிகிச்சையைவிடக் கூடவில்லை என்று 2019-இல் வந்ததையும் உன் ரிப்போர்ட்டில் மறைக்காமல் எழுது. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்த 'புளூட்டோ' என்பது கையுறையே இல்லை. மேசைமேல் வைத்து, கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பழகுகிற கருவி. மாட்டுகிற தொல்லையே இல்லாமல் செய்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள். ஒருமுறை வேலூர் போய்ப் பார்த்துவிட்டு வா.

இங்கே பார்க்க வருகிறவர்கள், 'இடது கைதானே, விடுங்க' என்கிறார்கள். தையல் தெரியாதவர்கள். வலது கை கத்தரி பிடிக்கும், சரி. துணியை இழுக்காமல், சுருங்காமல் ஊசிக்கு முன்னால் ஓட்டிக் கொடுப்பது இடது கை. அதற்குப் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, விடவும் தெரிய வேண்டும். என் கை இப்போது துணி ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது, விடத்தான் மாட்டேன் என்கிறது. உன் கையுறை பிடிப்பதற்கு உதவ வேண்டாம். நான் விட முயற்சி செய்வதை உணர்ந்து, அப்புறம் கொஞ்சம் விரித்துக் கொடுத்தால் போதும்.

உங்கம்மா டேப் வைத்து எடுத்த அளவு: உள்ளங்கைச் சுற்று எட்டரை இஞ்ச், மணிக்கட்டு ஏழு, நடுவிரல் நீளம் மூன்றேகால். சாயங்காலம் வீக்கத்தில் சுற்று கால் இஞ்ச் கூடும், பட்டையில் அதற்கு இடம் விடு. முதல் மாதிரியை பனியன் வெட்டுத் துணியில் தைத்து அனுப்பு. சென்சார் எதுவும் வைக்காதே. ஒற்றைக் கையால் மாட்ட வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா