அட்டையில் உன் பெயர் இருக்கும், அக்கா

அக்காவுக்கு,

புத்தகம் அச்சுக்குப் போகிறது. செல்லியும் அவள் வளர்க்கிற ஆடும் பம்புசெட்டு அறையோடு நிலாவுக்குப் பறக்கிற நம் கதைதான். வாட்ஸப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் வீட்டிலிருந்தும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். நீ ஏன் வரைவதை விட்டாய் என்ற பேச்சை இங்கே எடுக்க மாட்டேன்.

நான்கு பக்கங்களை எடுத்துவிட்டேன். நீ வரைந்தது 36. அச்சில் ஒரு ஃபாரத்துக்கு, அதாவது மடித்து வெட்டும் ஒரு பெரிய தாளுக்கு, 16 பக்கம், இரண்டு ஃபாரத்துக்கு 32. மிச்சம் நான்குக்காக இன்னொரு தாளை ஓட்டினால் விலை எகிறிவிடும். உலகம் முழுக்கப் பெரும்பாலான படக்கதைப் புத்தகங்கள் 32 பக்கத்தோடு நின்றுவிடுவதும் இந்தத் தாள் மடிப்புக் கணக்கால்தான். போனது நிலாவில் டீக்கடை வருகிற பக்கங்கள். உனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், மன்னித்துக்கொள். ஆனால் உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்று எத்தனை தடவை போன் போட்டேன்? நீதான் எடுக்கவில்லை.

முதலில் போய்ப் பார்த்த பதிப்பாளர் கட்டங்களை எடுத்துவிடச் சொன்னார். சின்னக் குழந்தைக்குப் பக்கத்துக்கு ஒரு படம் போதுமாம், கட்டமும் பேச்சுக் குமிழியும் காமிக்ஸுக்குத்தான் சரிப்படுமாம். அமெரிக்கப் படக்கதைக்காரர் மோரிஸ் செண்டாக்கின் 'இன் தி நைட் கிச்சன்' புத்தகத்தை அவர் மேசையில் விரித்து வைத்தேன். 1970இல் வந்தது. ராத்திரி சத்தம் கேட்டு விழித்த மிக்கி, படுக்கையிலிருந்து நழுவி, உடுப்பெல்லாம் கழன்று, ஒரு சமையலறை மாவுக்குள் போய் விழுகிறான். ஆலிவர் ஹார்டி முகத்தோடு மூன்று குண்டு ரொட்டிக்காரர்கள் அவனையும் சேர்த்துக் கலக்குகிறார்கள். அவனோ மாவிலேயே விமானம் செய்து பால் கொண்டுவரப் பறந்துவிடுகிறான். அத்தனையும் கட்டம் கட்டமாக, குமிழி குமிழியாக. வின்சர் மெக்கே 1905 முதல் நியூயார்க் ஹெரால்ட் நாளிதழில் வரைந்த 'லிட்டில் நீமோ' காமிக்ஸ் தொடருக்குச் செண்டாக் செய்த மரியாதை அது. நீமோவும் கனவில் எங்கெங்கோ அலைவான், கடைசிக் கட்டத்தில் படுக்கையில் விழித்துக்கொள்வான். பையன் அம்மணமாக இருக்கிறானே என்று அமெரிக்காவில் சில நூலகர்கள் மிக்கிக்கு டயப்பர் வரைந்தார்கள். அந்தப் புத்தகத்துக்குத்தான் படக்கதைகளுக்கு அமெரிக்காவில் கொடுக்கிற கால்டெகாட் ஹானரும் கிடைத்தது.

பதிப்பாளர் பொறுமையாகக் கேட்டார், முடியாது என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன். கட்டம் போனால் கதையும் போய்விடும் அக்கா. முதல் கட்டத்தில் செல்லி சுவிட்சில் கை வைக்கிறாள், அடுத்ததில் கூரை ஓடு தென்னை உயரத்தில் இருக்கிறது. நடுவில் நடந்ததைக் குழந்தையே ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். அங்கேதான் அது சிரிக்கும்.

ஆனால் நான் விடாப்பிடியாக நின்றது செண்டாக்குக்காக இல்லை. ஆட்டுக்காக.

திண்ணையில் கரண்ட் இல்லாத மத்தியானம். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நீ வரைந்துகொண்டிருந்தாய். இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியுமே, அதை வைத்து நீ சொன்னதுதான் செல்லியின் ராக்கெட்: த்ரீ பேஸ் வந்தால் கிளம்பும், கரண்ட் போனால் நடுவானில் நிற்கும். (தெரியாதவர்களுக்காக: 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே தமிழுக்குக் கொண்டுவந்த பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன்.) அன்றைக்கு ஆடு நிலா வழி வரைபடத்தை மென்று தின்கிற பக்கம். வாயில் பாதி வரைபடம் தொங்குகிறது, காது இரண்டும் பின்னால் மடிந்திருக்கிறது. பின்னங்கால் மட்டும் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய், அங்கே செல்லியின் தலையை மிதித்துக்கொண்டிருந்தது. கால் வெளியே போய்விட்டது என்று நான் கத்தினேன். நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. “ஆடு எங்கடி கட்டத்துக்குள்ள நிக்கும்?” என்று சொல்லிவிட்டு, வாலையும் வெளியே இழுத்து விட்டாய். இங்க் பட்ட விரலை என் கன்னத்தில் துடைத்தாய்.

அதைச் சொன்னவள் பேனாக்களையெல்லாம் எடுத்து யாருக்கோ தூக்கிக் கொடுத்தாளே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? நான் கதையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே. இல்லை, வேண்டாம். எழுத மாட்டேன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆட்டின் அந்தப் பின்னங்காலை நான் தொடவில்லை. வண்ணம் போட்ட பெண், கோடு பிசகியிருக்கிறது என்று நினைத்துத் திருத்தப் பார்த்தாள், தடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்திலும் நீ வைத்தது வைத்தபடியே இருக்கிறது. செல்லி படுக்கையில் விழிப்பதில்லை, நிலாவிலேயே கரண்டுக்காகக் காத்திருக்கிறாள்.

அட்டையில் கதைக்கு என் பெயர், படத்துக்கு உன் பெயர். இனிஷியல் அப்பாவுடையதுதான் போட்டிருக்கிறேன், நீ அன்று அந்தத் தாளின் மூலையில் எழுதிய மாதிரியே. மாற்ற வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் நீயே கூப்பிட்டுச் சொல். வேறு யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.