அவளுக்காகத்தான் சார்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. இரண்டு முறை எழுத உட்கார்ந்து, ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதோடு எழுந்துவிட்டேன். திட்டுகளைச் சேர்த்து வை, நேரில் பார்க்கும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலி குறைந்ததா? மகள் ஆய்வுப் படிப்பில் சேர்ந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. உன் கையெழுத்து மட்டும் அன்று போலவே இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நம் வகுப்பு நெட்டை போன மாதம் போன் செய்தான். அந்த டார்ச் லைட் கதையை மறுபடி முழுசாகச் சொன்னான். உன்னையும் விசாரித்தான்.

இன்று எழுதக் காரணம் வேறு. போன வாரம் ஒன்று நடந்தது. அதிலிருந்து உன் ஞாபகமாகவே இருக்கிறது.

நான் பாடம் எடுக்கும் இறுதியாண்டு வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து புராஜெக்ட் செய்கிறார்கள். அதில் ஒரு பையனும் ஒரு பெண்ணும், முதலாண்டிலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள். ‘நல்ல ஜோடி’ என்று எழுத வந்தேன். பார், அந்தச் சொல்லே நம்மை எங்கே இழுத்துக்கொண்டு போகிறது! நல்ல கூட்டாளிகள் என்று வைத்துக்கொள். செவ்வாய்க்கிழமை அந்தப் பையன் என் அறை வாசலில் வந்து நின்று, “பார்ட்னரை மாத்திக் கொடுங்க சார்” என்றான். குடைந்து கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ இருவர் படத்தையும் ஒட்டி ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள். யார் என்ன கேட்டாலும் அந்த ஸ்டிக்கர்தான் பதிலாக வந்து விழுகிறதாம்.

“எனக்கு ஒண்ணுமில்ல சார். நாலு நாள் ஓட்டுவாங்க, விட்டுடுவாங்க. அவ பேரு கெட்டுடக் கூடாது. அவளுக்காகத்தான் சார்.”

“அவகிட்ட கேட்டியா?”

“இல்ல சார்.”

மறுநாள் அந்தப் பெண் வந்தாள், கையில் அளவீட்டு நோட்டோடு. அதைத் திறந்து என் மேசையில் வைத்தாள். ஒரு வரிசை பென்சிலில், அவன் எழுத்து. அடுத்த வரிசை நீல மையில், இவள் எழுத்து. பக்கம் பக்கமாக அப்படியே மாறி மாறி வருகிறது. கடைசிப் பன்னிரண்டு பக்கங்களில் நீலம் மட்டும். “நான் எடுத்த ரீடிங் எதுவும் தப்பா சார்? பத்து நாளா அவன் பேசவே மாட்டேங்கறான்” என்றாள். ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னேன். அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். “அதுக்கா சார்?” என்றாள். அந்த ஒரு கேள்வியில் இருந்த வலியை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை.

உனக்குப் புரிந்திருக்கும், நான் எங்கே வருகிறேன் என்று. கொஞ்சம் பொறு, வருகிறேன்.

அன்று இரவு தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1982-இல் அன்டோனியா ஆபி என்ற உளவியலாளர் அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். முன்பின் அறியாத ஒரு ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசுகிறார்கள். இன்னொரு ஆணும் பெண்ணும் மறைவாக இருந்து அதைப் பார்க்கிறார்கள். பிறகு நால்வரிடமும் கேட்டால், பெண்கள் வெறும் சிநேகமாகப் பார்த்ததை ஆண்கள் வேறு விதமாகப் பார்த்திருக்கிறார்கள்: அந்தப் பெண் கவர்ந்திழுக்கப் பார்த்தாள் என்பது போல. பேசிய ஆண் மட்டுமல்ல, சும்மா வேடிக்கை பார்த்த ஆணும் அப்படியே. எனக்கு உறைத்தது அந்த வேடிக்கை பார்த்தவன்தான். அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் கதை அவனிடத்தில் பிறந்துவிடுகிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் வகுப்புக்கு வந்தால் துணைக்கு ஒரு பெரியம்மா கூடவே உட்கார்ந்திருப்பார். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான முதல் கல்லூரி 1869-இலேயே வந்துவிட்டது. அவர்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க 1948 ஆயிற்று. இன்று பட்டமும் உண்டு, ஒரே லேபும் உண்டு. காவல் உட்காரும் வேலையை மட்டும் வகுப்பு முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டது.

இதனால் நட்பு மட்டுமா போகிறது? படிப்பே போகிறது. பையன்கள் பையன்களோடு, பெண்கள் பெண்களோடு என்று பிரிந்து உட்கார்ந்தால் யாருக்கு என்ன தெரியும் என்பது எப்படித் தெரியும்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் வகுப்புகளில், ‘உங்களில் பாடம் நன்றாகத் தெரிந்தவர் யார்’ என்று மாணவர்களையே கேட்டிருக்கிறார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. ஆண்கள் ஆண்களையே தூக்கிப் பேசினார்கள், மதிப்பெண் சொல்வதற்கு மேலே. ஒரு பெண் அவர்கள் கண்ணில் அதே அளவு கெட்டிக்காரியாகத் தெரிய, நாலு பாயிண்ட் மதிப்பெண் அளவில் முக்கால் பாயிண்டுக்கு மேல் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது! பெண்களிடம் அந்தச் சாய்வு ஏறக்குறைய இல்லை. நானும் என் வகுப்பில் ஒரு தாளில் எழுதிக் கேட்டேன். சந்தேகம் வந்தால் யாரிடம் போவாய் என்று. போன தேர்வில் முதலிடம் எடுத்தவள் அந்தப் பெண். அவள் பெயரை எழுதிய பையன் ஒரே ஒருவன். யார் என்று சொல்லவே வேண்டாம்.

அந்த ஒருவனும் விலகப் பார்த்தான். அவளுக்காகத்தான் என்றான்.

இந்தச் சொல்லை நீ காதால் கேட்டதில்லை. நான் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் கரும்பலகையில் நம் இருவர் பெயரையும் சேர்த்து எழுதிய அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் நான் பெஞ்ச் மாறி உட்கார்ந்தேன். ஐந்து மாதம் உன்னோடு பேசவில்லை. நெட்டை ஏன் என்று கேட்டபோது, “அவ பேரு கெட்டுடக் கூடாதுடா, அவளுக்காகத்தான்” என்றேன். அவன் என் முதுகில் தட்டிக்கொடுத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. மீதிப் பரிசோதனைகளை எல்லாம் நீ தனியாகவே செய்தாய். ஸ்டாப் வாட்சை ஒரு கையில் பிடித்து, மறு கையால் எழுத முடியாமல் பேனாவை வாயில் கவ்விக்கொண்டு நின்றாயே, அதைப் பின் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து வரவில்லை.

உனக்காக இல்லை. பையன்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு உன் பெயரைப் போர்த்திக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து அந்தப் பையன் வாயில் என் வாக்கியம் வந்த பிறகுதான் அது எனக்கே தெரிகிறது. பெண்ணைக் காப்பது போலவே அவளைச் சின்னதாக்கும் மனப்பான்மைக்கு, கிளிக், ஃபிஸ்க் என்ற இரு உளவியலாளர்கள் 1996-இல் 22 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். பாதி வாக்கியங்கள் வெறுப்பு. மறு பாதி நல்லவன் பேச்சு. அந்த மறு பாதியைப் படிக்கப் படிக்க, முன்பு நான் பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

புராஜெக்ட் பார்ட்னரை நான் மாற்றவில்லை. இருவரையும் உட்கார வைத்து, எனக்குச் சொன்னதை அவளிடம் சொல் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் கத்தவில்லை. “பேரு என்னோடதுதானே? கெடுமா கெடாதான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றாள். அவன் நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினான். நேற்று பார்த்தேன், பென்சில் வரிசை திரும்ப வந்திருக்கிறது. வகுப்பில் மட்டும் இன்னும் தள்ளித் தள்ளித்தான் உட்காருகிறார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. அது வருமா என்று எனக்குத் தெரியாது.

ஸ்டிக்கர் செய்தவர்களிடம் வகுப்பிலேயே பேசினேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று பையன்கள் தனித்தனியாக வந்து, தங்களுக்கும் அது பிடிக்கவில்லை, சொன்னால் தங்கள் மேல் திரும்பும் என்று சும்மா இருந்துவிட்டோம் என்றார்கள். மூன்று பேர்! ஒருவனுக்கு இன்னொருவன் அப்படி நினைத்தது தெரியாது. நம் வகுப்பிலும் அப்படி யாராவது இருந்திருப்பார்களா?

நீ இதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் ரெக்கார்டு நோட்டை என் பக்கம் தள்ளி, “எழுதிக்கோ, நாளைக்குக் கடைசித் தேதி” என்றாய். அவ்வளவுதான், எல்லாம் பழையபடி ஆனது. அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். மன்னிப்பு நான் கேட்கவே இல்லையே. இப்போது கேட்கிறேன்.

அந்த ஐந்து மாதம் நீ யாரோடு பேசினாய்? எங்கே உட்கார்ந்து படித்தாய்? என் மேல் கோபம் இருந்ததா, இல்லை அந்தப் பெண்ணைப் போலவே உன் ரீடிங் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாயா? நீட்டி எழுது. புரியாத எழுத்தானாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறேன்.

அந்தப் பையன் வியாழக்கிழமை என்னைப் பார்க்க வருகிறான். அவளிடம் வேறு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறான். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். புதனுக்குள் பதில் போடு.

உன் பழைய லேப் பார்ட்னர்