புதிய கீபோர்டு வாங்குவது பற்றிச் சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு தொலைபேசியில் அழைத்து, வீட்டில் இருக்கும் யமஹா பிஎஸ்ஆர்-ஐ455 கீபோர்டைக் கொடுத்துவிட்டு, அதே யமஹாவின் பெரிய மாடலான எஸ்எக்ஸ்900 எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். பேருந்தில் இருந்தபடியால் அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்தேன். அன்று முதல் அந்தக் கேள்வி மனத்திலேயே இருக்கிறது. ஓய்வுக்காலப் பணத்திலிருந்து லட்சத்துக்கு மேல் எடுக்கும் காரியம் இது. நிதானமாக எழுதுவதுதான் முறை என்று பட்டது. உங்களைப் போலவே ஓய்வுபெற்ற பின், இடக்கையில் பிடிக்கும் ஸ்வரக்கூட்டுக்கு (கார்டு) ஏற்பத் தானே பக்கவாத்தியம் வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டின் முன் உட்காரும் பலருக்கும் இதே தயக்கம் உண்டு என்பதால், நீங்கள் சம்மதித்தபடி எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

உங்கள் பேச்சில் நான்கு குறைகள் வந்தன. நடு ஆக்டேவின் 'எஃப்' கட்டை சில சமயம் கத்துகிறது, சில சமயம் ஊமையாகிவிடுகிறது. ஸ்ட்ரிங்ஸ் வைத்து வாசிக்கும்போது பிடித்திருக்கும் ஸ்வரம் பாதியில் அறுந்துபோகிறது. டோன் எல்லாம் பழையதாகக் கேட்கிறது. கீர்த்தனைகளுக்கு ஏற்ற ஸ்டைல், அதாவது கருவி தானே வாசிக்கும் பக்கவாத்திய அமைப்பு, இல்லை. நான்கையும் ஒரே மூச்சில் சொல்லி, "இதற்கு வயசாகிவிட்டது" என்று முடித்தீர்கள். ஆனால் இந்த நான்கும் ஒரே வகைக் குறைகள் அல்ல. பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியது இவற்றில் ஒன்றே ஒன்றுதான் என்பது என் கருத்து.

முதலில் அந்த 'எஃப்' கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பராலான சிறு குமிழ் இருக்கிறது. அதன் உட்புறத்தில் கரிப்பூச்சுள்ள இரண்டு புள்ளிகள். கட்டையை அழுத்தும்போது முதலில் ஒன்று, அடுத்த கணமே மற்றொன்று, கீழேயுள்ள சர்க்யூட் பலகையைத் தொடும். அந்த இரண்டு தொடுதல்களுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் நீங்கள் மெல்லத் தொட்டீர்களா, ஓங்கி அடித்தீர்களா என்பதைக் கீபோர்டு தெரிந்துகொள்கிறது. தூசியோ உப்புக் காற்றின் படலமோ நடுவில் படிந்துவிட்டால் அந்த அளவு தவறிவிடும். மெல்லத் தொட்டாலும் உச்ச ஒலியில் கத்துவதும், அழுத்தியும் பேசாமல் இருப்பதும் இதனால்தான். தூத்துக்குடிக் கடற்காற்றில், ஜன்னலோரமாக, மேலே துணிகூட இல்லாமல் இத்தனை ஆண்டுகள் இருந்த கருவிக்கு இது நேராமல் இருந்தால்தான் வியப்பு.

இதை இத்தனை உறுதியாகச் சொல்வதற்கு என் சொந்த அனுபவம் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய கீபோர்டில் ஆறேழு கட்டைகள் இப்படித்தான் மக்கர் செய்தன. எடுத்துப்போன கடையில், மூடியைக்கூடத் திறக்காமல், "போர்டு போய்விட்டது, இனி பார்க்க முடியாது" என்றார்கள். அதை நம்பி அங்கேயே புதியது ஒன்றை எடுத்தேன். பழையது பரணில் கிடந்தது. பிறகு ஒருநாள் ஆர்மோனியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அதை என் கண் முன்னே திறந்தார். ரப்பர் பட்டையை உரித்தெடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பலகையையும் கரிப்புள்ளிகளையும் துடைத்தார். பஞ்சு கறுத்து வந்தது. ஈரம் காய்ந்ததும் எல்லாக் கட்டைகளும் பேசின. அந்தக் கருவி இன்றும் தங்கை வீட்டில் நன்றாக ஓடுகிறது. அன்று நான் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது; அதே வலி உங்களுக்கு வரக் கூடாது. எனவே முதல் வேலையாக, முன்னால் வைத்துத் திறந்து காட்டும் மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். துடைத்துச் சரியாகவில்லை என்றால் ரப்பர் பட்டையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்வரம் அறுந்துபோவது பழுது அல்ல, கருவியின் கொள்ளளவு. உங்கள் கீபோர்டு ஒரே நேரத்தில் 32 ஒலிகளைத்தான் எழுப்பும். ஸ்டைல் ஓடும்போது டிரம்ஸ், பேஸ், கிட்டார், பின்னணி ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அதற்கு மேல் நீங்கள் வலக்கைக்குப் பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் சேர்ந்து ஒலிக்கும்படி டூயலில் வைக்கிறீர்கள். நான்கு விரல்களால் ஒரு கார்டைப் பிடித்தால் எட்டு ஒலிகள். ஒலியை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடலை மிதித்தபடியே அடுத்த கார்டுக்குப் போனால், விட்டுவந்த எட்டும் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். கணக்கு நிரம்பியதும் புதிய ஒலிக்கு இடம்விட்டுப் பழைய ஒலிகளில் ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும். கார்டு மாறும்போதெல்லாம் பெடலைத் தூக்கி மிதித்துப் பழகுங்கள். ஸ்டைல் ஓடும்போது டூயலை அணைத்து வையுங்கள். பாதிக்கு மேல் குறைந்துவிடும். மீதி குறையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எஸ்எக்ஸ் வரிசையில் இருக்கும் 128 நிச்சயமாக ஒரு விடுதலைதான்.

டோன் பழையதாகக் கேட்பது பற்றி ஒரே ஒரு சோதனை. பின்புறமுள்ள ஹெட்ஃபோன் துளையில் 6.3 மி.மீ. பின் (துளைக்கு ஏற்ற அடாப்டர்) வைத்து நல்ல ஹெட்ஃபோன் ஒன்றைச் செருகி, அதே வயலினை, அதே புல்லாங்குழலை ஒரு முறை கேளுங்கள். உள்ளே இருக்கும் சிறு ஸ்பீக்கர்களின் குறையை இத்தனை நாளும் டோனின் தலையில் ஏற்றியிருக்கிறோமா என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்ட பிறகும் பழையதாகத்தான் தோன்றினால் உங்கள் காது சொல்வதுதான் சரி.

இனி நான்காவது குறை. இங்கேதான் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் உங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? சித்தி ஐந்து கட்டைச் சுருதியில் (அதாவது 'ஜி'யில்) பாடுவார்கள் என்று, சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை மைனஸ் ஐந்தில் வைத்துவிட்டு, உங்களுக்குப் பழகிய 'சி'யிலேயே வாசித்துக்கொண்டிருந்தீர்கள். பொத்தான்களுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துண்டுக் காகிதங்களை ஒட்டி, எந்தப் பாட்டுக்கு எந்த ஸ்டைல், என்ன டெம்போ என்று உங்கள் பொடி எழுத்தில் குறித்து வைத்திருந்தீர்கள். ஆதி தாளத்துக்கு ஏற்ற நான்கு தட்டு ஸ்டைல்கள் நிறைய இருந்தன. ரூபகத்துக்கு ஒரு மூன்று தட்டு வால்ட்ஸைச் சமாளித்து வைத்திருந்தீர்கள். சாபு தாளக் கீர்த்தனை வந்ததும் கை தானாக ஸ்டாப் பொத்தானுக்குப் போயிற்று. ஏழு தட்டுக்கு ஏற்ற ஸ்டைல் எதுவும் அன்று உங்களுக்கு அகப்படவில்லை. கால் பெருவிரலால் தரையில் மூன்றும் நான்குமாகத் தட்டியபடி, இடக்கையில் வெறும் கார்டை மட்டும் பிடித்து வாசித்து முடித்தீர்கள். சித்தி பாடியது அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் துணைக்கு வந்தவர்களெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது போன்ற ஒரு வெறுமை உங்கள் முகத்தில் தெரிந்தது.

நம் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தாளம் கருவிக்குள் இல்லை என்றால் அது உங்கள் திறமையின் குறை அல்ல; துடைத்தோ பழகியோ தீர்க்கக்கூடியதும் அல்ல. ஐ455-இல் சொந்தமாக ஸ்டைல் உருவாக்க வழியில்லை. எஸ்எக்ஸ் வரிசையில் ஸ்டைல் கிரியேட்டர் என்ற வசதி இருக்கிறது. ஒரு ஸ்டைலில் எட்டுத் தடங்கள்: ரிதம் இரண்டு, பேஸ் ஒன்று, கார்டு இரண்டு, நீண்டு ஒலிக்கும் பேட் ஒன்று, இடையிடையே வரும் அலங்காரமான ஃபிரேஸ் இரண்டு. எட்டையும் நிரப்ப வேண்டிய கட்டாயமில்லை. 7/8 என்று வைத்துக்கொண்டு, முதல் தடத்தில் தபலாவை மூன்றும் நான்குமாக வாசித்துப் பதிவு செய்து, அடுத்து பேஸைப் பதிந்தால் சாபுக்கு ஒரு துணை தயார். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பேஸையும் மற்ற வாத்தியங்களையும் 'சி மேஜர் செவன்த்' கார்டுக்கு உரியதாகப் பதிய வேண்டும். சி, டி, ஈ, ஜி, ஏ, பி என்ற ஸ்வரங்களுக்குள் நின்றால், பிறகு நீங்கள் இடக்கையில் எந்தக் கார்டைப் பிடித்தாலும் கருவியே அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். நடுவில் 'எஃப்'பைச் சேர்த்துவிட்டால் சில கார்டுகளில் உறுத்தும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் நாற்பது ஆண்டுகள் பேரேட்டில் கணக்கு எழுதிய கைக்கு இது கடினமாக இருக்காது.

ஆகவே மாற்ற வேண்டும் என்றால் இதற்காக மாற்றுங்கள். அப்படியானால் எஸ்எக்ஸ்900-தான் வேண்டும் என்பதில்லை. ஸ்டைல் கிரியேட்டரும் 128 ஒலியும் எஸ்எக்ஸ்600-இலேயே உண்டு. விலையோ பெரிதும் குறைவு. 900-இல் கூடுதலாகக் கிடைப்பவை ஏழு அங்குலத் தொடுதிரை, அழுத்திய பின்னும் விரலின் அழுத்தத்தை உணரும் ஆஃப்டர்டச், வெளியிலிருந்து டோன்களை ஏற்றிக்கொள்ள ஒரு ஜிபி இடம் ஆகியவை. தொடுதிரையை நான் ஆடம்பரம் என்று தள்ளவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் சின்னத் திரையை உற்றுப் பார்க்கும் உங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதற்காக மட்டும் அத்தனை பணம் என்பது எனக்கு ஒப்பவில்லை. 2024-இல் அடுத்த வரிசையாக எஸ்எக்ஸ்720, எஸ்எக்ஸ்920 வந்துவிட்டதால், 900 நல்ல நிலையில் செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் அப்போது யோசிக்கலாம். அப்படிப் பார்க்கப் போனால் பியானோ டோனை வைத்து 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, முதலில் மெல்லவும் பிறகு ஓங்கியும் தட்டிப் பாருங்கள். உங்கள் 'எஃப்' கற்றுக்கொடுத்த பாடம் அங்கே உதவும்.

கடையில் யாரும் சொல்லாத இரண்டு விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். எஸ்எக்ஸ்700, எஸ்எக்ஸ்900 இரண்டிலும் ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் கிடையாது. அதற்குப் பதில் ஜாய்ஸ்டிக். புல்லாங்குழல் டோனில் கமகத்துக்காகச் சக்கரத்தை மேலும் கீழும் உருட்டிப் பழகிய உங்கள் இடது கட்டைவிரல், இனி இடமும் வலமுமாகத் தள்ளப் பழக வேண்டும். எனவே வாங்கும் முன் ஒரு ராகத்தையாவது அதில் வாசித்துப் பாருங்கள். மற்றொன்று, 900-இன் எடை 11.5 கிலோ, பேட்டரியிலும் ஓடாது. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கு ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி எடுத்துப் போகிறீர்களே, அந்த வழக்கம் நின்றுவிடும். அதனால் எதை வாங்கினாலும் ஐ455-ஐக் கொடுத்துவிடாதீர்கள்.

பெரிய மாடல்களின் ஸ்டைல் கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றி ஐ455-இலேயே ஓட்டலாம் என்று நண்பர் சொன்னதாகச் சொன்னீர்கள். சில ஓடும். ஆனால் அவற்றில் பல, மெகாவாய்ஸ் என்ற சிறப்புக் கிட்டார் டோன்களை நம்பி எழுதப்பட்டவை. அந்த டோனில் அடியின் வேகத்தைப் பொறுத்துத் தந்தியை மீட்டும் ஒலி, அமுக்கிய ஒலி, விரல் வழுக்கும் ஒலி என்று வெவ்வேறாக வரும். சாதாரணக் கிட்டார் டோனில் அதே குறிப்புகள் சம்பந்தமில்லாத ஸ்வரங்களாக வந்து விழும். உங்கள் கீபோர்டு கெட்டுவிட்டது என்று அப்போது பயப்பட வேண்டாம்.

அடுத்த வீட்டுத் தம்பி சொன்ன ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 மேடைக்கு நல்ல கருவி. ஆனால் அது சிந்தசைசர். இடக்கைக் கார்டைப் பின்தொடரும் பக்கவாத்தியம் அதில் இல்லை. உங்களுக்கு அது வேண்டாம். கேசியோ சிடி-எக்ஸ்5000 அப்படியல்ல. 64 ஒலி, பக்கத்துக்கு 15 வாட் ஸ்பீக்கர், சொந்த ரிதம் அமைக்கும் வசதி எல்லாம் உண்டு. பணம் குறைவாகப் போதும் என்றால் அதையும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். சென்னைக்கு வரும்போது அண்ணா சாலையில் உள்ள, 1842-இல் தொடங்கப்பட்ட இசைக்கருவிக் கடையான மியூசி மியூசிக்கலுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அவசரமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டையைச் சரிசெய்து, பெடலைப் பழகி, பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, வாசிக்கும்போது எங்கே கை நின்றது என்பதை அன்றன்று ஒரு வரியில் எழுதி வையுங்கள். சாபு தாளம் என்று அந்த நோட்டில் ஐந்தாறு முறை வந்துவிட்டால் மறுபேச்சு வேண்டாம், எஸ்எக்ஸ்600 எடுத்துவிடலாம். பணத்தில் ஒரு பங்கு என்னுடையது, அதை மறுக்காதீர்கள். அது வராமல், பழைய திரைப்பாட்டுகளும் ஆதி தாளக் கீர்த்தனைகளுமே நோட்டை நிரப்பினால், அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி மிச்சத்தை வங்கியிலேயே விட்டுவிடலாம்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வருகிறேன். ஹெட்ஃபோனும் அந்த 6.3 மி.மீ. பின்னும் நானே கொண்டுவருகிறேன். கருவியை மூடி வைக்க ஒரு பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்துத் தரும்படி சித்தியிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்