‘சர்வதேசப் போட்டி’ என்று போஸ்டர் அடிக்கும் முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை வந்தால் புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்லூரி மன்றங்களும் கேமிங் சென்டர்களும் ஆன்லைன் ஃபைட்டிங் கேம் (இருவர் திரையில் சண்டை போடும் வீடியோ விளையாட்டு) போட்டி அறிவிப்பது வழக்கமாகி வருகிறது. பெரும்பாலும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, இல்லாவிட்டால் டெக்கன் 8. நம் ஊரில் பாதிப் பேருக்குப் பாரிஸ் பக்கமோ ரீயூனியன் தீவிலோ சொந்தக்காரர்கள் உண்டு, மீதிப் பேருக்குச் சிங்கப்பூரில் மாமா பையன் இருப்பான். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் போஸ்டரில் ‘சர்வதேச’ என்ற சொல் ஏறிவிடுகிறது. அதில் தப்பே இல்லை. ஆனால் வந்த பெயர்களையெல்லாம் ஒரே பிராக்கெட்டில் (யாருடன் யார் மோதுவது என்ற அட்டவணையில்) குலுக்கிப் போடுகிறார்கள் பாருங்கள், போட்டி கெடுவது அங்கேதான்.

செஸ்ஸில் காய் நகர்த்தியது கால் செகண்ட் தாமதமாகத் தெரிந்தால் குடி முழுகிவிடாது. ஃபைட்டிங் கேம் செகண்டுக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) ஓடுகிறது, அதாவது ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி செகண்ட். இணையத் தகவல் போகும் கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும். 1,000 கி.மீ. தூரத்துக்குப் போய்த் திரும்பவே 10 மில்லி செகண்ட் ஆகிவிடும். எந்தப் பிளானுக்குப் பணம் கட்டினாலும் இது குறையாது. 300 எம்பிபிஎஸ் இணைய வேகம் என்பது குழாயின் அகலம், நீளம் அப்படியேதான் இருக்கும்.

இன்றைய விளையாட்டுகளில் ‘ரோல்பேக்’ என்ற முறை இருக்கிறது. எதிராளி என்ன அழுத்தினார் என்ற தகவல் வந்து சேரும்வரை, கடைசியாக அழுத்தியதையே இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று உங்கள் கணினி ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தப்பினால் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு மறுபடி இந்தக் கணத்துக்கு வந்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் அது தூரத்தை மறைக்கிறது, இல்லாமல் செய்வதில்லை.

ஒரே ஒரு அடியை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ‘டிரைவ் இம்பாக்ட்’ விழ 26 ஃபிரேம் ஆகும், கிட்டத்தட்ட 433 மில்லி செகண்ட். பார்த்த பிறகு பதில் கொடுக்கக்கூடிய அடி. பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகும் மில்லி செகண்ட்) 200 என்றால் ஒரு பக்கத்துக்கு 100 மில்லி செகண்ட், அது 6 ஃபிரேம். உள்ளீட்டுத் தாமதம் (அழுத்திய பொத்தானை விளையாட்டு வேண்டுமென்றே தள்ளி ஏற்கும் நேரம்) 2 ஃபிரேம் வைத்திருந்தால், அடியின் முதல் 4 ஃபிரேம் உங்கள் திரைக்கு வராமலே போய்விடும். உங்கள் பொத்தான் வேலை செய்ய அந்த 2 ஃபிரேம். ஆக மிச்சம் 20. மானிட்டரும் கன்ட்ரோலரும் சேர்ந்து 4 ஃபிரேம் தின்றால் 16. மனிதர் கண்ணால் பார்த்துக் கையை அசைக்கவே 15 ஃபிரேம் வாக்கில் வேண்டும். பார்த்துத் தடுத்த ஆட்டக்காரர் இனி ஊகித்துத்தான் தடுக்க வேண்டும். அப்புறம் அது யாருக்குத் திறமை அதிகம் என்று காட்டும் போட்டி இல்லை, காசு சுண்டிப் பார்ப்பதுதான்.

எனவே பிங்கை வைத்து வட்டாரம் பிரியுங்கள். வரைபடத்தை நம்ப வேண்டாம். சிங்கப்பூர் சென்னையிலிருந்து சுமார் 2,900 கி.மீ. நேரடிக் கடலடி கேபிள் 2002 முதலே உண்டு என்பதால் நல்ல லைனில் 50 மில்லி செகண்ட் வாக்கில் போய் வந்துவிடும். லாகூர் அதைவிடப் பக்கம். 2019-இல் ஃபைட்டிங் கேம்களின் பெரிய போட்டிகளான ஈவோ ஜப்பான், லாஸ் வேகஸ் ஈவோ இரண்டிலும் டெக்கன் 7 பட்டம் வென்ற அர்சலான் ஆஷ் அந்த ஊர்க்காரர்தான். ஆனால் இரு நாட்டு இணையப் போக்குவரத்து பெரும்பாலும் மூன்றாம் நாட்டைச் சுற்றி வருவதால், பக்கத்து வீடே தூரமாகிவிடுகிறது. ரீயூனியன் இங்கிருந்து சுமார் 4,500 கி.மீ.தான், கொச்சியைத் தொடும் சேஃப் என்ற கடலடி கேபிள் அந்தத் தீவையும் தொடுகிறது. இருந்தாலும் அங்கிருந்து கிளம்பும் தகவல் பாரிஸைச் சுற்றிக்கொண்டு வரக்கூடும். அளந்து பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். பாரிஸுக்கு நேர்கோட்டில் போனாலே 80 மில்லி செகண்ட், நடைமுறையில் 130-க்கு மேல். அதுவும் நிலையானதல்ல. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இங்கிருந்து ஐரோப்பாவுக்கான வழி பாதிக்கப்பட்டதை மறந்துவிட வேண்டாம்.

தென் ஆசியா, தென்கிழக்கு ஆசியா, ஐரோப்பா என்று தனித்தனி பிராக்கெட் போட்டு, ஒவ்வொன்றிலும் முதல் இருவரை மட்டும் கடைசிச் சுற்றில் மோதவிடலாம். வட்டாரத்துக்குள் பிங் 100 வரை, கடைசிச் சுற்றில் 150 வரை என்று எல்லை வைத்தால் போதும். லாஸ் ஏஞ்சல்ஸ் 14,000 கி.மீ.க்கு மேல், பிங் 200-ஐத் தாண்டும். அமெரிக்க நண்பரை வர்ணனைக்கு அழையுங்கள், ஆட அழைக்காதீர்கள்.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிங் கட்டளையை 100 முறை ஓடவிட்டால் கடைசி வரியில் சராசரி 38 என்று அழகாகக் காட்டும். மேலே போய்ப் பார்த்தால் நடுவில் நாலைந்து இடத்தில் 180, 210 என்று குதித்திருக்கும். வைஃபை என்றால் இதுதான் கதை. மாடியறையில் ஆட்டக்காரர், கூடத்தில் ரவுட்டர், நடுவில் இரண்டு சுவர். சராசரியை விட்டுவிட்டு அதிகபட்சத்தையும் தொலைந்த பாக்கெட் (தகவல் துண்டு) எண்ணிக்கையையும் பாருங்கள். ஒன்று தொலைந்தாலும் காரணம் கேளுங்கள். லேன் கேபிள் கட்டாயம் என்று விதியிலேயே இருக்கட்டும், 20 மீட்டர் கேட் 6 கேபிள் ஒன்றும் பெரிய செலவில்லை. எதிராளி கேபிளிலா வைஃபையிலா என்று இந்த இரு விளையாட்டுகளுமே திரையில் சின்னம் போட்டுக் காட்டிவிடும்.

இன்னொரு தலைவலி, பல இணைப்புகளில் வீட்டுக்குத் தனி ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடையாது. ஒரே முகவரியை நூறு வீடுகள் பங்குபோட்டுக்கொள்ளும். இரு பக்கமும் அப்படி இருந்தால் ஆட்டம் இணையாமலே போகலாம், அறைக்குள் வந்து வந்து வெளியே விழும். போட்டி அன்று இதைத் தீர்க்க முடியாது. இரண்டு நாள் முன்பே எல்லோரையும் ஒரு சோதனை ஆட்டம் ஆடச் சொல்லி, சிக்கல் உள்ளவர்கள் இணைப்பு தருபவரிடம் பொது ஐபி கேட்டு வாங்க அவகாசம் கொடுங்கள்.

நேரக் கணக்கைப் பெரும்பாலோர் போடுவதே இல்லை. 32 பேர், இரண்டு முறை தோற்றால் வெளியே என்ற முறையில் 62 செட் (ஒரு செட் என்பது இருவர் அடுத்தடுத்து ஆடும் சில ஆட்டங்கள்), ஒரு முறை தோற்று வந்தவர் இறுதியில் வென்று கடைசியில் ஒன்று கூடினால் 63. எட்டுப் பேர் மிஞ்சும்வரை 52 செட் ஒரே நேரத்தில் பல இடங்களில் நடக்கும் என்பதால், ஐந்து அடுக்குகள் தலா 20 நிமிடம் என்று 100 நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டுப் பேருக்குப் பிறகு ஐந்து ஆட்டத்தில் மூன்று வென்றால்தான் செட் என்று மாற்றி, எல்லாவற்றையும் நேரலையில் ஒவ்வொன்றாகக் காட்டினால் 10 செட்டுக்கு 200 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம். ஞாயிறு மதியம் 3.30-க்குத் தொடங்கினால் சிங்கப்பூரில் மாலை 6, கோடையில் பாரிஸில் பகல் 12, முடியும்போது சிங்கப்பூரில் இரவு 11. மாலை 7-க்குத் தொடங்கினால் சிங்கப்பூர்ப் பையன் அரையிறுதியில் கொட்டாவி விடுவான். அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். பாரிஸுக்கும் நமக்கும் இடையே மூன்றரை மணியாக இருந்த வித்தியாசம் அன்றிலிருந்து நாலரை. அறிவிப்பில் இந்திய நேரத்தோடு யூடிசி (உலகப் பொது) நேரத்தையும் போட்டுவிடுங்கள்.

முதல் சுற்றில் 16 செட் ஒரே சமயம் ஓடும், நடுவர் ஒருவருக்கு எட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். பிராக்கெட்டைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வேண்டும், அவரையே நேரலையிலும் உட்கார வைத்தால் இரண்டும் கெடும். அழைத்து 10 நிமிடத்தில் வராதவர் முதல் ஆட்டத்தை இழப்பார், 15 நிமிடத்தில் செட்டையே இழப்பார் என்று எழுதிவைத்து, நண்பனுக்கும் அதையே செய்யுங்கள். லேக் (இணைப்புத் தாமதம்) புகார் முதல் ஆட்டம் முடிவதற்குள் வர வேண்டும். தோற்ற பிறகு வரும் லேக் புகாருக்கு மருந்து கிடையாது. பாதியில் இணைப்பு அறுந்தால் அறுந்தவர் அந்த ஆட்டத்தை இழப்பார், இரு பக்கமும் அறுந்தால் மறு ஆட்டம். நெம்புகோல் இல்லாத பொத்தான் கன்ட்ரோலர்களில் இடமும் வலமும் ஒன்றாக அழுத்தினால் எந்தத் திசையும் எடுக்கக்கூடாது என்ற விதியைச் சேருங்கள். டர்போ (பொத்தானைத் தானாகத் திரும்பத் திரும்ப அழுத்தும் வசதி), மேக்ரோ (ஒரே அழுத்தலில் பல பொத்தான்களை இயக்கும் வசதி) கூடாது. கடைசி எட்டுப் பேருக்குக் கையைக் காட்டும் கேமரா கேட்கலாம்.

பணம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆளுக்கு 200 ரூபாய் வாங்கி, அதையே திரட்டிப் பரிசாகக் கொடுக்கும் பழக்கம் இங்கே உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் விளையாட்டைத் தடை செய்கிறது. மீறி நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸுக்கு (போட்டியாக ஆடும் வீடியோ விளையாட்டுக்கு) விலக்கு உண்டு, நுழைவுக் கட்டணமும் வாங்கலாம். ஆனால் அங்கீகாரமும் பதிவும் இருந்தால்தான் அது இ-ஸ்போர்ட்ஸ். சென்டர் நடத்தும் தம்பிகளுக்கு அது இல்லை. நுழைவு இலவசம், பரிசு கடைக்காரர் ஸ்பான்சர் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் போட்டி விதிகளையும் படியுங்கள், பரிசுத் தொகைக்கு உச்சவரம்பு இருக்கக்கூடும்.

தேதியை நவம்பர், டிசம்பரில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. புயல் இல்லாத நாளிலும் மின்சாரம் ஒரு முறை கண்ணடித்தால் ரவுட்டர் அணைந்து எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் செட் போய்விடும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாகப் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். இன்னொரு பக்கம் இருந்தால் மாறும் நேரம் அதிகமாகி, மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், கணினி மட்டும் அணைந்து எழும்.

இப்படிக்கு,
ஆன்லைன் ஃபைட்டிங் கேம் போட்டி நடத்துநர்கள் சிலர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.