சுவரில் மாட்டுவது கடைசி வேலை

ஐயா,

சமகாலக் கலைக் காட்சியகத்தின் காப்பாட்சியர் (கியூரேட்டர்) பணிக்கு நல்ல ரசனை இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாதிதான் சரி; ரசனைக்கு அப்பாலும் அறிவு வேண்டும். 2002இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமெண்டா 11 என்ற சமகாலக் கலைக் கண்காட்சியை வழிநடத்திய நைஜீரியரான ஓக்வி என்வேசர் படித்தது அரசியல் அறிவியல். அந்தக் கண்காட்சியை வியன்னா, புதுதில்லி கருத்தரங்குகளோடு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டார்.

அன்றாட வேலையோ வேறு. இரவலாக வரும் ஓவியப் பெட்டியை வந்தவுடன் திறக்கக் கூடாது. 24 மணி நேரம் மூடியபடியே காட்சியறையில் இருக்கட்டும். அவசரப்பட்டால் ஈரப்பத மாற்றத்தில் மரப்பலகை நெளியும், வண்ணப்பூச்சு வெடிக்கும். பிரித்ததும் ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து நிலை அறிக்கையில் பதிய வேண்டும். அது இல்லாமல் காப்பீட்டுத் தொகை கேட்டுப் போராடுவது வீண். காகிதப் படைப்புக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்ற மங்கிய வெளிச்சம் போதும். பார்வையாளர்கள் 'இருட்டாக இருக்கிறது' என்று முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

வீடியோ படைப்புதான் பெரிய வம்பு. வீடியோ ஃபைலை மட்டும் வாங்கி வைத்தால் ஆகாது. எந்தத் திரை, எந்த அளவு, பழுதானால் புதிய கருவி பொருத்தலாமா என்பதைக் கலைஞர் உயிரோடிருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். வீடியோ கலையின் முன்னோடியான, கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக்கின் (Nam June Paik) படைப்புகளை வைத்திருக்கும் காட்சியகங்கள் பழைய பிக்சர் டியூப் டிவிகளுக்கு இன்றும் உதிரிபாகம் தேடுகின்றன.

இப்படிக்கு,
வாசகர், சென்னை